ட்யூப்லைட்டுக்கு ஒரு முக்காடு

வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் தண்ணீர் எப்போது வரும், வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா, அட்வான்ஸ் எத்தனை மாதம் என்றெல்லாம் விசாரிப்பார்கள். ஹாலில் மாட்டியிருக்கும் ட்யூப்லைட்டை மட்டும் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. பால் காய்ச்சி, சாமான்களை அடுக்கி, அப்பாடா என்று உட்காரும்போதுதான் அது கண்ணில் படும். எப்போதோ அடித்த சுண்ணாம்பின் சொட்டுகள் காய்ந்துபோன தகரப் பட்டி, இரண்டு முனையும் கறுத்த குழல், அதன் பின்னால் நிரந்தரக் குடித்தனம் நடத்தும் பல்லி. (அதற்கு அட்வான்ஸும் கிடையாது, வாடகையும் கிடையாது!)

மாற்றித் தரச் சொன்னால் வீட்டுக்காரரிடமிருந்து வரும் பதில் தெரிந்ததுதான். "எரியுதுல்ல? அப்புறம் என்ன?"

சரி, சொந்தக் காசில் புது விளக்கு வாங்கி மாட்டலாம் என்றால், காலி செய்யும்போது அது யாருக்கு என்ற கேள்வி வருகிறது. இதற்கு 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்திலேயே விடை உண்டு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், குடியிருப்பவர் தான் பொருத்தியதைக் கழற்றிக்கொண்டு போகலாம் என்கிறது 108-ஆம் பிரிவு. ஆனால் வீடு தன் வசம் இருக்கும்போதே கழற்ற வேண்டும், வாங்கியபோது இருந்த நிலையிலேயே வீட்டைத் திருப்பித் தரவும் வேண்டும். சட்டம் சொல்கிறது, சரி. அட்வான்ஸ் பணம் வீட்டுக்காரர் கையில் இருக்கும்போது சட்டப் பிரிவைச் சொல்லி வாதாடும் தைரியம் எத்தனை பேருக்கு உண்டு?

ஆகவேதான் மூன்றாவது வழி. விளக்கைத் தொடாமல், சுவரில் துளை போடாமல், கையால் ஒரு மறைப்பு செய்து தொங்கவிடுவது. கிழிந்த கோரைப்பாயில் நல்ல பகுதியை வெட்டியெடுத்தது, பழைய காட்டன் புடவையின் முந்தானை, மூங்கில் குச்சி, சணல் கயிறு என்று வீட்டிலேயே பாதிச் சாமான் கிடக்கும். இதைப் பார்த்து "வேலையத்த வேலை" என்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். சம்பளத்தில் பெரும் பங்கை வாடகையாகக் கொட்டியும் ஒரு ஆணி அடிக்க அனுமதி கேட்டு நிற்க வேண்டிய இடத்தில், தன் விருப்பப்படி ஒரே ஒரு மூலையாவது இருக்கட்டும் என்று நினைப்பது எப்படி வெட்டி வேலை ஆகும்? காலி செய்யும்போது சுருட்டி எடுத்துக்கொண்டும் போகலாம், அடுத்த வீட்டிலும் ஒரு அசிங்கமான ட்யூப்லைட் நிச்சயம் காத்திருக்கும்.

காகிதம், குச்சி என்றால் இளப்பம் வேண்டாம். ஜப்பானின் கிஃபு நகரத்துக் காகித லாந்தர்களைப் பார்த்துவிட்டு, 1951-இல் இசாமு நொகுச்சி என்ற சிற்பி மூங்கில் நரம்பும் கைக்காகிதமும் வைத்து 'அகாரி' விளக்குகளை உருவாக்கத் தொடங்கினார். இன்றைக்கு அவை அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

ஆனால் இந்த விஷயத்தில் பெரியவர்களின் பயத்தையும் ஒதுக்க முடியாது. "பல்பு மேல பேப்பரைச் சுத்தாதே" என்று பாட்டிகள் அதட்டியதில் நியாயம் இருந்தது. குண்டு பல்பு இழுக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சூடாகத்தான் போகும். 60 வாட்ஸ் பல்பின் கண்ணாடி நூறு டிகிரியைத் தாண்டிவிடும். 'ஜீரோ வாட்ஸ்' என்று விற்ற அந்தச் சின்ன பல்புகூட பெயரில்தான் ஜீரோ, உண்மையில் 15 வாட்ஸ் வரை இழுக்கும்! அந்த 60 வாட்ஸ் வெளிச்சத்தை இன்றைய எல்.ஈ.டி. பல்பு 9 வாட்ஸில் தந்துவிடுகிறது. காகிதமும் துணியும் விளக்குக்குப் பக்கத்தில் வர முடிந்ததே அதனால்தான். அதற்காக எல்.ஈ.டி. சுடவே சுடாது என்று நினைத்து மூச்சுமுட்ட மூடினால், அடிப்பகுதியில் இருக்கும் சர்க்யூட் சூடேறி ஆயுள் குறைந்துவிடும். பள்ளிக்கூட புராஜெக்ட் பழக்கத்தில் தெர்மாகோலை எடுக்கவே கூடாது. அது லேசான சூட்டுக்கே இளகும், பிடித்துக்கொண்டால் கரும்புகையோடு எரியும். பிளாஸ்டிக் ஸ்பூன்களை ஒட்டிச் செய்யும் அன்னாசிப்பழ விளக்கும் பார்க்க அழகுதான், ஆனால் குண்டு பல்புக்கு அது கூடவே கூடாது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. விளக்கு அசிங்கமாக இருப்பதற்குக் காரணம் என்ன? பெயிண்ட் சொட்டு, துரு, பழைய மாடல் என்றால் தாராளமாக மறைக்கலாம். ஹோல்டர் கருகியிருக்கிறது, சோக் சூடேறி நாற்றமடிக்கிறது, மழை பெய்தால் பட்டியில் ஈரம் இறங்குகிறது, தொட்டால் சுளீரென்கிறது என்றால் அது அழகுப் பிரச்னையே இல்லை. அதற்கு மேல் பாயைத் தொங்கவிடுவது புண்ணுக்குப் பட்டு சுற்றுவது போல. கண்ணில் படும்வரைதான் யாராவது எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவார்கள். மறைத்துவிட்டால் அடுத்த தீபாவளிவரை ஞாபகம் வராது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்திலும் வயரிங் பராமரிப்பு வீட்டு உரிமையாளரின் பொறுப்பாகத்தான் இருக்கிறது. அதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டுமே தவிர, கோரைப்பாயால் மூடித் தரக்கூடாது. "எரியுதுல்ல?" என்பவருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

செய்கிறவர்கள் விளக்கைச் சுற்றி மூடாமல், அரையடி தள்ளித் திரை மாதிரி தொங்கவிடுவது நல்லது. மேலே திறந்திருந்தால் சூடு போய்விடும், கீழே திறந்திருந்தால் படிக்கிற பிள்ளைக்கு வெளிச்சம் குறையாது. அடி மூடிய கூடையாகச் செய்தால் முதல் மழைக்கே ஈசல்கள் விழுந்து குவிந்துவிடும், அந்தக் காட்சிக்குப் பழைய ட்யூப்லைட்டே மேல். கட்டும் முன் மெயினை அணைக்க வேண்டும், பாரம் வயரில் விழக்கூடாது. இருபக்க டேப் வேண்டாம், பெயிண்டோடு பெயர்ந்து வரும், அதற்கும் அட்வான்ஸில் பிடிப்பார்கள். எந்த வாடகை வீட்டிலும் முன்பு குடியிருந்தவர் அடித்துவிட்டுப் போன காலண்டர் ஆணிகள் நாலைந்து இருக்கும். கயிற்றை அதில் கட்டிக்கொள்ளலாம்.