ஜன்மம் யாருடையது? கண்ணன் தேவன் மலைப் பத்திரமும் அதன் சொற்களும்

மூணாற்றின் வரலாற்றை எழுதுவோர் பலரும் ஒரே வாக்கியத்தில் தொடங்குகின்றனர்: ஜான் டேனியல் மன்றோ என்னும் பிரித்தானியர் அம்மலைகளைக் 'கண்டுபிடித்தார்'. சுற்றுலாக் கையேட்டில் இச்சொல் வந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஆய்வுக் கட்டுரைகளிலும் எவ்வித வினாவுமின்றி அது இடம்பெறுவது பொறுக்கத்தக்கதன்று.

மன்றோ மலையேறுவதற்கு முன்பே அங்கு முதுவர் வாழ்ந்தனர். மதுரையிலிருந்து மீனாட்சியை முதுகில் சுமந்து வந்ததாக அவர்களின் வாய்மொழி மரபு கூறும். மறையூர் சூழ்ந்த அஞ்சுநாட்டில் ஊர்களும் வயல்களும் இருந்தன. இதற்கு மறுக்கவியலாச் சான்று மன்றோ பெற்ற பத்திரத்திலேயே உள்ளது. 1877 ஜூலை 11 அன்று பூஞ்ஞாறு அரசர் எழுதிக்கொடுத்த அந்த ஆவணம், நிலத்தைக் 'கண்ணன் தேவன் அஞ்சுநாட்டு மலை' என்றே குறிக்கிறது. கண்ணன், தேவன் என்பவை மலைவாழ் தலைவர்களின் பெயர்கள் என்பது அங்குள்ள வழக்கு. மக்களின் பெயரைத் தாங்கிய நிலத்தை ஒருவர் எவ்வாறு கண்டுபிடிக்க இயலும்?

மன்றோ திருவிதாங்கூர் அரசின் ஏலமலைக் கண்காணிப்பாளராகப் பணியாற்றியவர். பத்திரத்தில் அவர் பீருமேட்டுக் காப்பித் தோட்டக்காரர். கைக்கு வந்தது ஏறத்தாழ 227 சதுர மைல். கொடுத்தது 5,000 ரூபாய் ரொக்கமும் ஆண்டுக்கு 3,000 ரூபாய்ப் பாட்டமும். கணக்கிட்டால், ஆண்டுக்கு ஒரு ரூபாய்க்கு 48 ஏக்கர். திருவிதாங்கூர் அரசு 1878இல் இதனை உறுதிப்படுத்தியது. 1879இல் வடக்குத் திருவிதாங்கூர் நிலத் தோட்ட வேளாண் சங்கம் உருவாயிற்று. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி தோன்றியது. இரு மனிதரின் பெயர் முதலில் மலையின் பெயராயிற்று. பின்னர்க் கம்பெனியின் பெயராயிற்று. இன்று தேயிலைப் பொட்டலத்தின் பெயராக நிற்கிறது.

இக்கைமாற்றத்தைச் சாத்தியமாக்கிய சொல் 'ஜன்மம்'. பிறப்பு என்னும் பொருளுடைய வடசொல், கேரள நிலவுரிமை வழக்கில் முழு உடைமையைக் குறித்தது. மலையில் பிறவாத, மலையில் வாழாத பூஞ்ஞாறு அரசர் 'ஜன்மி' ஆனார். அம்மலையிலேயே பிறந்து இறந்த முதுவர் பத்திரத்தின் தரப்பினராகவும் கருதப்படவில்லை. பிறப்பைக் குறிக்கும் சொல்லைக்கொண்டே பிறந்தவர்களின் உரிமையை விலக்கிவைத்த விந்தை இது. கொடுத்தவரும் பெற்றவரும் மலைக்கு வெளியே இருந்தனர் என்பதே இப்பத்திரத்தின் சாரம்.

தோட்ட முதலாளிகள் இல்லையேல் சாலையும் இரயிலும் கம்பிவடப் பாதையும் ஏது என வாதிடுவோர் உளர். திட்டம் அவர்களுடையதாக இருக்கலாம். காட்டை அழித்ததும், பாறையை உடைத்ததும், கொழுந்து பறித்ததும் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிகளால் கொண்டுவரப்பட்ட மக்களின் கைகள். அவர்களுக்கு மட்டும் 'கண்டுபிடித்தவர்', 'உருவாக்கியவர்' என்னும் அடைமொழிகள் வாய்க்கவில்லை. 'வந்தவர்கள்' என்ற ஒற்றைச் சொல்லே வாய்த்தது. 1950களில் தேவிகுளம், பீருமேடு யாருக்கு என்ற வழக்கிலும், அவர்கள் வந்துபோகும் கூலிகளே என்னும் வாதம் அவர்களுக்கு எதிராக வைக்கப்பட்டது. கடல் கடந்து வந்த மன்றோ நிறுவனர். மலை கடந்து வந்த தொழிலாளி அந்நியர். வாளையாரிலிருந்து குமுளிவரை எல்லைப்புறத் தமிழர் இந்த அளவுகோலை நன்கறிவர்.

1971இல் கேரள அரசு கண்ணன் தேவன் மலை நில மீட்புச் சட்டத்தை இயற்றியது. கம்பெனி உச்ச நீதிமன்றம் சென்றது. அந்நிலம் ஜன்ம உரிமைக்கு உட்பட்டதே என்று கொண்ட நீதிமன்றம், 1972இல் சட்டத்தை நிலைநிறுத்தியது. மன்றோவுக்கு நிலம் தந்த அதே சொல், அரசுக்கு அதை மீட்டுத் தந்தது. 1974இல் நிலவாரியம் சுமார் 57,000 ஏக்கரைக் கம்பெனிக்கு விட்டு, ஏறத்தாழ 70,000 ஏக்கரை அரசுடைமை எனத் தீர்த்தது. வேளாண் தொழிலாளர் நலனையும் அச்சட்டம் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டிருந்தது. ஆயினும், லயங்களில் தலைமுறை தலைமுறையாய்ப் பிறந்தோர் ஓய்வுபெற்றதும் வீட்டைக் காலிசெய்ய வேண்டிய நிலையே தொடர்ந்தது.

2015 செப்டம்பரில் மூணாற்றுச் சாலையை மறித்த பெண்கள் ஒற்றுமை அமைப்பினர், 20 விழுக்காடு போனசும் 500 ரூபாய் நாட்கூலியும் கேட்டனர். அப்போது நாட்கூலி 232 ரூபாய். பின்னர் அது 301 ஆனது. 2020 ஆகஸ்ட் 6 இரவில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் புதைந்தபோது 70 பேர் மாண்டனர். சொந்த நிலம் அற்றவர், தோட்டம் காட்டிய இடத்தில்தான் உறங்க வேண்டும். எங்கே உறங்குவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் நிலவுரிமையின் ஒரு பகுதியே.

ஆகவே, மன்றோவைக் குறித்து எழுதும் ஆய்வாளர் குறைந்தது மூன்று சொற்களைத் திருத்தியாக வேண்டும். அவர் கண்டுபிடிக்கவில்லை, பத்திரம் பெற்றார். அது வெற்று நிலமன்று, முதுவரின் வாழ்நிலம். தொழிலாளர் வந்தேறிகள் அல்லர், அம்மலையில் பிறந்தவர்கள். 'ஜன்மம்' என்னும் சொல்லுக்கு அகராதி தரும் பொருளே உண்மையாயின், அவ்வுரிமை அவர்களுக்கே முதலில் உரியது.