கீழ் மூலையில் ஒரு சூத்திரம்

2018 அக்டோபரில் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஓர் ஓவியம் 4,32,500 டாலருக்குப் போனது. பத்தாயிரத்தைத் தாண்டாது என்று ஏலக்காரர்களே மதிப்பிட்டிருந்த படம். எட்மண்ட் தெ பெலாமி என்கிற, எங்கும் வாழ்ந்திராத ஒரு கனவானின் மங்கிய முகம். ஓவியர் பெயரெழுதும் கீழ் மூலையில் ஒரு கணிதச் சூத்திரம். இயந்திரமே கையொப்பமிட்டுவிட்டது என்கிற பாவனை. காசு என்னவோ சூத்திரத்துக்குப் போகவில்லை. ‘ஆப்வியஸ்’ என்ற பெயரில் இயங்கிய மூன்று பிரெஞ்சு இளைஞர்களுக்குப் போனது. அவர்கள் கையாண்ட நிரலில் கணிசமான பகுதி ராபி பராட் என்ற அமெரிக்க இளைஞர் எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டுவைத்திருந்தது. நிரல் அவருடையது, பயிற்சிக்குப் போன உருவப்படங்கள் பல நூற்றாண்டு ஓவியர்களுடையவை, பெயர் மட்டும் இவர்களுடையது. ஏஐயை வைத்துப் பெயர் எடுப்பதற்கு இது நல்ல பாடம் என்பவர்கள் இருக்கிறார்கள். பாடம்தான். எதற்கான பாடம் என்பதில்தான் எங்களுக்குத் தகராறு.

இளம் ஓவியர்களுக்கு இன்று தரப்படும் அறிவுரை ஏறக்குறைய ஒன்றுதான்: உனக்கென்று ஒரு பாணியைப் பிடி, விடாதே, படத்தைப் பார்த்ததும் உன் பெயர் நினைவுக்கு வரவேண்டும். பெர்சனல் பிராண்ட் என்கிறார்கள். போலந்து ஓவியர் கிரெக் ருட்கோவ்ஸ்கி இதை யாரும் சொல்லாமலே செய்தவர். ட்ராகன்களும் போர்க்களங்களும் பொன்னிற வெளிச்சமும் நிறைந்த அவர் படங்கள் விளையாட்டு உலகில் புகழ்பெற்றவை. 2022இல், தட்டிக்கொடுக்கும் சொற்களைப் படமாக்கும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் வெளிவந்தபின், அந்தச் சொற்களில், அதாவது ப்ராம்ப்டுகளில், ஒரு கணக்கின்படி அவர் பெயர் 90,000 தடவைக்கு மேல் தட்டப்பட்டிருந்தது. அதே கணக்கில் பிக்காசோவும் மைக்கலாஞ்சலோவும் ஆளுக்கு இரண்டாயிரத்தை ஒட்டித்தான். தன் பெயரைத் தேடினால் தான் வரையாத படங்கள் வந்து நிற்குமோ என்று ருட்கோவ்ஸ்கி அஞ்சினார்.

ஏன் அவர்? படங்களை இணையத்தில் ஏற்றும்போது ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் விவரக்குறிப்பு எழுதிவைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. பார்வையற்றவர்களுக்கும் உதவும், தேடுபொறிக்கும் உதவும். படமும் அதற்குரிய சொற்களும் சேர்ந்து கிடைத்தால் இயந்திரத்துக்கு வேறென்ன வேண்டும்? தன் பெயரைப் பேணுவதற்காக அவர் காட்டிய ஒழுங்கே அந்தப் பெயரை ஊர்ப் பொதுவாக்கிவிட்டது. அந்த ஆண்டு நவம்பரில் வந்த ஸ்டேபிள் டிஃப்யூஷனின் அடுத்த பதிப்பில் அவர் பெயர் முன்புபோல வேலை செய்யவில்லை. பயனாளர்கள் குறைப்பட்டார்கள். சும்மாவும் இருக்கவில்லை. அவர் பாணியை மீட்க யாரோ தனியாக ஒரு சிறு மாதிரியைப் பயிற்றி இணையத்தில் விட்டார்கள்.

ஆக, பாணி என்பது இனிமேல் காவல் இல்லாத சொத்து. சட்டம் அதை என்றுமே காத்ததில்லை. முன்பெல்லாம் இன்னொருவர் பாணியைக் கைக்குக் கொண்டுவர ஆண்டுக்கணக்கில் உழைக்கவேண்டும், அந்த உழைப்புதான் வேலியாக இருந்தது.

ப்ராம்ப்ட் எழுதுகிறவரின் உழைப்பு? 2022இல் கொலராடோ மாநிலக் கண்காட்சியில் மிட்ஜர்னி என்ற ஏஐ கருவி தந்த படத்துக்கு முதல் பரிசு வாங்கிய ஜேசன் ஆலன், குறைந்தது 624 முறை ப்ராம்ப்டைத் திருத்தியதாகச் சொன்னார். அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் அசையவில்லை, உரிமை மறுத்தது. அதே அலுவலகம் 2023இல் ‘சர்யா ஆஃப் த டான்’ என்ற படக்கதைக்கு, எழுத்துக்கும் படங்களைத் தேர்ந்து அடுக்கிய விதத்துக்கும் உரிமை உண்டு, மிட்ஜர்னி தந்த தனித்தனிப் படங்களுக்கு இல்லை என்றது. தேர்வதும் அடுக்குவதும் படைப்பு என்று ஓர் அரசு அலுவலகமே சொல்லிவிட்டது. இதழாசிரியர்கள் சட்டம்போட்டு மாட்டிக்கொள்ளலாம். இந்தியச் சட்டம் 1994 திருத்தத்திலிருந்தே, கணினி உருவாக்கும் படைப்புக்கு அது உருவாகக் காரணமானவரே ஆசிரியர் என்கிறது. இப்படிப்பட்ட இயந்திரங்களை நினைத்து எழுதிய வரி அல்ல அது.

உரிமைப் பேச்சை விட்டு வேலையைப் பார்த்தால், எங்களுக்கு நம்பிக்கை தருபவர் இங்கிலாந்துக் கலைஞர் அன்னா ரிட்லர். 2018இல் நெதர்லாந்தில் துலிப் பருவம் முழுவதும் தங்கி, பத்தாயிரம் பூக்களைத் தானே படமெடுத்தார். ஒவ்வொன்றின் நிறத்தையும் நிலையையும் கையால் எழுதி வைத்தார். அந்தப் படங்களைக் கொண்டு மட்டுமே இயந்திரத்தைப் பயிற்றினார். திரையில் விரியும் துலிப்புகளின் வரிகள் பிட்காயின் விலைக்கேற்ப மாறுகின்றன. துலிப் கிழங்குக்குச் சொத்தையே விற்ற 17ஆம் நூற்றாண்டு டச்சுப் பித்தும் இன்றைய பித்தும் ஒரே பூவில். கையெழுத்துக் குறிப்புகளோடு அந்தப் பத்தாயிரம் படங்களையும் சுவரில் வைத்தார். அதுவே தனிப் படைப்பாயிற்று. அவர் பெயரைத் தட்டி யாரும் அவரைப்போல ஒரு துலிப்பை எடுத்துவிடலாம். அந்தப் பருவத்தை எடுக்கமுடியாது.

இசையில் ஹாலி ஹெர்ன்டன் இன்னும் ஒருபடி போனார். 2021இல் தன் குரலையே ஏஐ மாதிரியாக்கி, பாடிக்கொள்ளுங்கள் என்று பிறரிடம் கொடுத்தார். கொடுத்தவர் உயிரோடு இருந்தார் என்பது முக்கியம். ‘லால் சலாம்’ படப் பாடலில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ஏஐ மூலம் பயன்படுத்தியபோது, குடும்பங்களிடம் அனுமதி பெற்றுச் சன்மானமும் கொடுத்ததாக இசையமைப்பாளர் ஏ.ஆர். ரஹ்மான் வெளிப்படையாகச் சொன்னார். சொன்னது நல்லது. அந்தப் பாடகர்களிடம்தான் கேட்கமுடியவில்லை.

பிராண்ட் வகுப்புக்குப் போகிறவர்கள் ஓவியர் ஆதிமூலத்தையும் நினைத்துப் பார்க்கலாம். 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த கோட்டோவியங்கள் அவர் பெயரை நிலைநிறுத்தின. சிற்றிதழ்களின் முகப்பிலும் எழுத்துகளிலும் அந்தக் கோட்டை ஒரு தலைமுறையே அடையாளம் கண்டது. அப்படி அமைந்த கோட்டை வைத்துக்கொண்டு அவர் ஓய்ந்துவிடவில்லை, வண்ணத்துக்குள், உருவமே இல்லாத பரப்புகளுக்குள் போனார். ஆலோசகர்கள் பக்கத்தில் இருந்திருந்தால் தடுத்திருப்பார்கள்.

எங்களுக்கும் ஏஐ படங்கள் அட்டைக்கு வரத் தொடங்கியிருக்கின்றன. பெரும்பாலானவற்றில் மூலையில் பெயர் பெரிதாக இருக்கிறது, எப்படிச் செய்தது என்ற பேச்சே இல்லை. அடுத்த இதழிலிருந்து அவற்றையும் பரிசீலிப்போம். உள்ளே என்னென்ன போயிற்று என்று ஓவியர் அரைப்பக்கம் எழுதித் தரவேண்டும்: தன் கோடுகளா, தான் எடுத்த புகைப்படங்களா, வேறு யார் பெயரையாவது தட்டினாரா. வாழும் ஓவியரின் பெயரைத் தட்டிப் பெற்ற படம் வேண்டாம். அந்த அரைப்பக்கத்தை அட்டையின் உட்புறத்தில் அப்படியே அச்சிடுவோம். சன்மானம் கையால் வரைகிறவர்களுக்குத் தருவதுதான், இதழின் இரண்டு பிரதிகள்.