ஊருக்கு வர டிக்கெட் போட்டாச்சா? அமெரிக்காவில் படிக்கும் பிள்ளைகள் முதலில் இதைப் பாருங்க!

டிசம்பர் லீவு, அக்கா கல்யாணம், தாத்தாவின் சதாபிஷேகம்... அமெரிக்காவில் படிக்கும் பிள்ளைகள் ஊருக்கு வர ஏதாவது ஒரு காரணம் இருந்துகொண்டே இருக்கும். 'ரெண்டு வாரம் வந்துட்டுப் போயேன்' என்று வீட்டிலும் ஆசையாகக் கேட்பார்கள். உடனே எல்லோரும் டிக்கெட் விலையைத்தான் பார்ப்போம். ஆனால், அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஊருக்கு வந்துவிடலாம், திரும்பிப் போக முடியுமா?

2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். வேறு எந்த நாட்டிலிருந்தும் இத்தனை பேர் அங்கே படிக்கவில்லை. 2025-ல் வந்த மாற்றங்கள் இவர்களை நேரடியாகப் பாதித்தன. ஏப்ரலில் ஆயிரக்கணக்கான மாணவர்களின் குடியேற்றப் பதிவுகள் திடீரென ரத்தாயின. பலர் நீதிமன்றம் போன பிறகு, அந்த மாதக் கடைசியில் அவை திரும்பக் கிடைக்க ஆரம்பித்தன. மே 27 முதல் ஜூன் 18 வரை புதிய மாணவர் விசா நேர்காணல்களுக்குத் தேதி கொடுப்பதே நிறுத்தி வைக்கப்பட்டது. செப்டம்பரில் நேர்காணல் விதிகள் இன்னும் இறுகின.

இதற்காக யாருமே ஊருக்கு வரக்கூடாது என்று அர்த்தமில்லை. கணக்குப் போட்டுவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான்.

விசா வேறு, ஸ்டேட்டஸ் வேறு

பல குடும்பங்களில் குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் எஃப்-1 விசா, அமெரிக்காவின் வாசல் வரை போவதற்கான அனுமதி. உள்ளே போன பிறகு தங்கிப் படிக்கும் உரிமைக்குப் பெயர் 'ஸ்டேட்டஸ்'. அது, கல்லூரி கொடுக்கும் ஐ-20 படிவத்தையும், 'செவிஸ்' என்ற அரசுக் கணினிப் பதிவையும் பொறுத்தது.

அதனால், விசா தேதி முடிந்துவிட்டாலும் படிப்பு சரியாகப் போய்க்கொண்டிருந்தால் மாணவர் அங்கேயே இருக்கலாம். அதில் தப்பில்லை. ஆனால், அவர் நாட்டைவிட்டு வெளியே வந்தால், திரும்பிப் போக புது விசா வேண்டும். 'இத்தனை நாள் அங்கே நல்லாத்தானே இருந்தான்... இப்ப ஏன் போக முடியாது?' என்று வீட்டில் கேட்டால், பதில் இதுதான்.

விசா முடிந்துவிட்டதா? நேர்காணல் தேதிதான் முதலில்!

முன்பெல்லாம் பழைய விசாவைப் புதுப்பிக்கும் பலருக்கு நேர்காணல் இல்லாமலே வேலை முடிந்தது. 2025 செப்டம்பர் 2 முதல் மாணவர்கள் அநேகமாக எல்லோருமே நேரில் போகவேண்டும். பக்கத்தில் இருக்கும் மெக்ஸிகோ, கனடாவுக்குப் போய் ஸ்டாம்பிங் முடித்துவிட்டு வந்ததும் பழைய கதை. சொந்த நாட்டிலோ, சட்டப்படி வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்பது இப்போதைய விதி. தமிழ்நாட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது சென்னை அண்ணா சாலையில், ஜெமினி மேம்பாலத்தை ஒட்டியிருக்கும் துணைத் தூதரகம்தான்.

விசா கட்டணம் 185 டாலர். பணம் கட்டி, தேதி கிடைத்து, நேர்காணல் நல்லபடியாக முடிந்தாலும், '221(ஜி)' என்று ஒரு தாளைக் கொடுத்துக் கூடுதல் பரிசோதனைக்கு அனுப்ப வாய்ப்பு உண்டு. அது சில நாளிலும் முடியலாம், பல வாரமும் இழுக்கலாம். அதற்குள் செமஸ்டர் தொடங்கிவிட்டால்? இரண்டு வாரக் கல்யாணப் பயணத்தில் ஒரு செமஸ்டரே போய்விடும். ஆகவே நேர்காணல் தேதி கையில் கிடைத்த பிறகு டிக்கெட் போடுங்கள். திரும்பும் தேதியை மாற்றிக்கொள்ளக்கூடிய டிக்கெட்டாக இருந்தால் நல்லது.

விண்ணப்பப் படிவத்தில் கடந்த 5 வருடங்களில் பயன்படுத்திய சமூக வலைதளக் கணக்குகளைக் கேட்பார்கள். 2025 ஜூனிலிருந்து மாணவர் விசா கேட்பவர்கள் அந்தக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி 'பப்ளிக்'காக வைக்கவேண்டும். ஒரு கணக்கை மறைத்து மாட்டிக்கொண்டால், அதில் என்ன பதிவிட்டிருந்தார்கள் என்பதைவிட, மறைத்ததே பெரிய பிரச்னையாகிவிடும்.

ஐ-20 கையெழுத்து... ஊருக்கு வராவிட்டாலும் வாங்கி வையுங்க

விசா செல்லும் காலத்தில் இருந்தாலும், ஐ-20 படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் பயணத்துக்கான கையெழுத்து இருக்கவேண்டும். கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் அதிகாரி, அதாவது டி.எஸ்.ஓ., போடும் கையெழுத்து அது. படிக்கும்போது 12 மாதம் செல்லும். படிப்பு முடித்து ஓ.பி.டி.யில் வேலை பார்ப்பவர்களுக்கு 6 மாதம்தான்.

பயணம் எதுவும் திட்டமிடாத பிள்ளைகளுக்கும் இது முக்கியம். வீட்டில் ஒருவருக்குத் திடீரென்று உடம்பு முடியாமல் போவது டி.எஸ்.ஓ. அலுவலகம் திறந்திருக்கும் நாள் பார்த்து நடப்பதில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் இரவு இரண்டு மணிக்கு ஊரிலிருந்து போன் வந்தால், கையெழுத்து தயாராக இருப்பவர் உடனே கிளம்பலாம். கையெழுத்து இல்லாதவர் அழுதுகொண்டே மெயில் அனுப்பிக்கொண்டிருப்பார். செமஸ்டர் ஆரம்பிக்கும்போதே தேதியைப் பார்த்துப் புதுப்பித்துவிடுங்கள். பாஸ்போர்ட்டும் குறைந்தது 6 மாதம் செல்லும்படி இருக்கட்டும்.

படிப்பு முடித்தவர்களுக்கு இரட்டைக் கவனம்

ஓ.பி.டி.யில் இருப்பவர்கள் வேலை அனுமதி அட்டையையும், வேலைக்கான கடிதத்தையும் கையில் வைத்துக்கொண்டுதான் பயணம் செய்யவேண்டும். ஓ.பி.டி.யின் முதல் 12 மாதத்தில் வேலை இல்லாமல் இருக்க மொத்தம் 90 நாள்தான் அனுமதி. வேலை இல்லாமல் ஊரில் வந்து உட்காரும் நாட்களும் அதில் கழியும். எஃப்-1 விலிருந்து ஹெச்-1பி க்கு அங்கிருந்தபடியே மாற விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர், முடிவு வருவதற்குள் நாட்டைவிட்டு வெளியேறினால், அந்த மாற்றத்தைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். இந்த நிலையில் இருப்பவர்கள் வழக்கறிஞரைக் கேட்காமல் விமானம் ஏறக்கூடாது.

'எஃப்.என்.யு' யாருங்க?

இது நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கே உள்ள தலைவலி. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் நம் பெயர் அந்தக் கட்டத்துக்குப் போய்விடும். நம் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு' என்று அச்சாகும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது! விசா, ஐ-20, டிக்கெட் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள். இனிமேல்தான் விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்றால், முதல் விசாவுக்கு முன்பே பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்துவிடுவது நல்லது.

சின்ன கேஸ்தானே என்று விடாதீங்க

2025 ஏப்ரலில் பதிவு ரத்தானவர்களில் பலர்மேல் இருந்தது போக்குவரத்து விதிமீறல் போன்ற சின்ன விஷயங்கள்தான். குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகக் கைதானால், தீர்ப்பு வருவதற்கு முன்பே விசாவை ரத்து செய்யலாம். எந்தக் கேஸாக இருந்தாலும், அது முடிந்ததற்கான நீதிமன்றக் காகிதம் கையில் இல்லாமல் பயணம் வேண்டாம். முதலில் குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் பேசுங்கள். பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு இலவச சட்ட ஆலோசனை உண்டு.

இமிகிரேஷன் கவுன்ட்டரில்

விசா இருந்தாலும், உள்ளே விடுவதா என்பதை அங்கே இருக்கும் அதிகாரிதான் முடிவு செய்வார். அபுதாபி வழியாகப் போகும் பல விமானங்களில் இந்தச் சோதனை அபுதாபியிலேயே நடந்துவிடும். என்ன படிக்கிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள், செலவுக்கு யார் பணம் தருகிறார்கள்... கேட்டதற்குச் சுருக்கமாக, உண்மையாகப் பதில் சொன்னால் போதும். போனை வாங்கிப் பார்க்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அனுமதி இல்லாமல் வெளியே கடையிலோ, பெட்ரோல் பங்க்கிலோ வேலை பார்த்தது வாட்ஸ்அப்பில் தெரிந்தால், அது நேரடியான விதிமீறல். 'எக்ஸ்பிடைட்டட் ரிமூவல்' என்று திருப்பி அனுப்பிவிட்டால், 5 வருடம் அங்கே போக முடியாது.

உள்ளே போனதும் ஐ-94 பதிவை இணையத்தில் எடுத்துப் பாருங்கள். எஃப்-1, 'டி/எஸ்' என்று சரியாக இருக்கிறதா? தவறு இருந்தால் உடனே டி.எஸ்.ஓ.விடம் சொல்லுங்கள்.

அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை: பச்சைக் கறிவேப்பிலையைப் பெட்டியில் வைக்காதீர்கள். அது தடை செய்யப்பட்ட பொருள். சாம்பார் பொடி, பருப்புப் பொடியெல்லாம் கைப்பையில் வேண்டாம், பெரிய பெட்டிக்குப் போகட்டும். சாப்பாட்டுப் பொருள் கொண்டுபோவதைக் கேட்டால் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

கைப்பையில் இருக்கவேண்டியவை

• பாஸ்போர்ட். செல்லும் விசா பழைய பாஸ்போர்ட்டில் இருந்தால் இரண்டும்

• பயணக் கையெழுத்துடன் ஐ-20

• செவிஸ் கட்டண ரசீது

• கல்லூரியில் சேர்ந்திருப்பதற்கான கடிதம், மதிப்பெண் பட்டியல்

• வங்கிக் கணக்கு அல்லது கல்விக்கடன் ஆவணங்கள்

• ஓ.பி.டி. என்றால் வேலை அனுமதி அட்டை, வேலைக் கடிதம்

• டி.எஸ்.ஓ.வின் எண், வழக்கறிஞரின் எண். போனில் மட்டும் இல்லாமல் தாளிலும்!

இவற்றைப் பெரிய பெட்டியில் வைத்தால் பயனில்லை. இமிகிரேஷன் கவுன்ட்டரைத் தாண்டிய பிறகுதான் அந்தப் பெட்டி கைக்கு வரும். எல்லாவற்றின் நகலும் ஊரில் ஒருவரிடம் இருக்கட்டும்.

கடைசியாக, பெற்றோருக்கு. 'விசா முடிஞ்சிடுச்சும்மா, இந்தத் தடவை வரலை' என்று பிள்ளை சொன்னால், பாசம் குறைந்துவிட்டதாக நினைக்காதீர்கள். கல்யாணத்துக்கு வராத வருத்தம் உங்களைவிட அங்கே தனியாக உட்கார்ந்து வீடியோ காலில் பார்க்கும் பிள்ளைக்குத்தான் அதிகம். படிப்புக்காக வாங்கிய கடனும், இத்தனை வருட உழைப்பும் அந்தப் பயணத்தோடு சேர்ந்திருக்கின்றன. இனிமேல் 'எப்போ வர்றே?' என்று கேட்பதற்கு முன்னால், 'உன் விசா எது வரைக்கும் இருக்கு?' என்று கேளுங்கள்.