அதையே இன்னொரு முறை

'டார்க்கெஸ்ட் டன்ஜன்' விளையாட்டின் இரண்டாம் பாகத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே அதன் பழைய ரசிகர்கள் துக்க வீட்டுக் குரலுக்கு மாறிவிடுகிறார்கள். "கொன்னுட்டாங்க பாஸ்" என்பதுதான் பொதுவான தீர்ப்பு. யார் யாரைக் கொன்றார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. முதல் பாகம் இப்போதும் விற்பனையில் இருக்கிறது. வாங்கியவர்களின் கணினியில் அப்படியே ஓடுகிறது. யாரும் யார் வீட்டுக்குள்ளும் புகுந்து எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

விளையாடாதவர்களுக்காகக் கொஞ்சம் கதை சொல்லிவிடுகிறேன். கனடாவின் வான்கூவரில் கிறிஸ் புராஸா, டைலர் சிக்மன் இருவரும் தொடங்கிய ரெட் ஹூக் என்ற சின்ன ஸ்டூடியோ, 2014இல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி, 2016 ஜனவரியில் முதல் பாகத்தை முழுதாக வெளியிட்டது. இடிந்துபோன ஒரு குடும்ப மாளிகை. அதன் அடியில் உங்கள் முன்னோர் ஒருவர் பேராசையில் தோண்டி எழுப்பிவிட்ட பயங்கரம். பக்கத்தில் ஒரு குக்கிராமம். வாராவாரம் குதிரை வண்டியில் வேலை தேடி ஆட்கள் வந்து இறங்குவார்கள். அவர்களில் நான்கு பேரைப் பொறுக்கி இருட்டுக்குள் அனுப்ப வேண்டும். உயிருக்கு ஓர் அளவு இருப்பதுபோல மன அழுத்தத்துக்கும் ஓர் அளவு உண்டு. அது 100ஐத் தொட்டால் ஆள் உடைந்துபோவான். கூட வந்தவர்களைத் திட்டுவான், மருந்தை மறுப்பான், பயந்து பதுங்குவான். அபூர்வமாக ஒருவன் நிமிர்ந்தும் நிற்பான். 200ஐத் தொட்டால் மாரடைப்பு. செத்தவர் செத்தவர்தான். பழைய சேவுக்குத் திரும்பிப்போய் உயிர்ப்பிக்கும் சலுகை கிடையாது.

இதில் எல்லோரும் சீக்கிரமே கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்று உண்டு. உடைந்துபோன ஒருவனைப் பணம் கட்டித் தேற்றுவதைவிட, அவனை அனுப்பிவிட்டு வண்டியில் வந்த புதியவனை எடுத்துக்கொள்வது மலிவு. நான்கு புதியவர்களைத் தீப்பந்தம்கூடக் கொடுக்காமல் உள்ளே தள்ளி, கிடைத்த நகைநட்டைச் சுருட்டிக்கொண்டு, திரும்பி வந்ததும் வேலையைவிட்டு நீக்கலாம். அடுத்த வாரம் அடுத்த நான்கு பேர். எங்கள் ஐடி தொழிலில் மனிதர்களுக்கு 'ரிசோர்ஸ்' என்று பெயர். "ரெண்டு ரிசோர்ஸ் கழண்டுக்கிச்சு, பெஞ்ச்ல யாராவது இருக்காங்களா பாருங்க" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். டார்க்கெஸ்ட் டன்ஜனை பேய்க் கதை என்பார்கள். நான் அதைப் ப்ராஜெக்ட் மேனேஜர் கதை என்பேன். அந்த வகையில் அதைவிட நல்ல கதையை நான் பார்த்ததில்லை.

படைத்தவர்களுக்கு இது தெரிந்தே இருந்தது. கடைசிச் சண்டையில் எதிரி உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: இந்த நால்வரில் யார் சாக வேண்டும் என்று நீங்களே காட்டுங்கள். ஒருமுறை அல்ல, இரண்டு முறை. எண்பது மணிநேரமாகச் செய்துகொண்டிருந்ததை உங்கள் விரலாலேயே மறுபடி செய்யவைத்துவிட்டு விளையாட்டு முடிகிறது. ஒரு கேள்வியைக் கேட்டு, அதன் எல்லைவரை போய், கதவைச் சாத்திவிட்ட படைப்பு. இதற்கு அடுத்தது என்ன? இன்னொரு மாளிகை, இன்னொரு கிராமம், இன்னும் பத்து வகை அரக்கர்களா?

2021 அக்டோபரில் எர்லி ஆக்சஸாகவும் 2023 மே மாதத்தில் முழுமையாகவும் வந்த இரண்டாம் பாகத்தில் கிராமம் இல்லை. வேலைக்கு வரும் கூட்டமும் இல்லை. நான்கு பேர், ஒரு குதிரை வண்டி, தூரத்தில் ஒரு மலை. சில மணிநேரப் பயணம். தோற்றால் முதலிலிருந்து புறப்பட வேண்டும். தட்டையான காகித பொம்மைகள் போலிருந்த உருவங்கள் முப்பரிமாணத்துக்குப் போய்விட்டன. புராஸாவின் தடித்த கறுப்பு மைக்கோடு மட்டும் விடாமல் கூடவே வந்திருக்கிறது. நிர்வாக விளையாட்டு, பயண விளையாட்டாகிவிட்டது. ரசிகர்களின் கோபமெல்லாம் இங்கேதான்.

என் கட்சி இதுதான்: முதலாளியின் நாற்காலியைப் பிடுங்கியதுதான் இரண்டாம் பாகத்தின் சாதனை. பெஞ்சில் ஆள் இல்லையென்றால் இருக்கும் நாலு பேரைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்குள் பிரியமும் பொறாமையும் உண்டு. சத்திரத்தில் தங்கும்போது என்ன சாப்பிடவைத்தீர்கள், யாரோடு சீட்டாடவிட்டீர்கள் என்பதெல்லாம் மறுநாள் சண்டையில் தெரியும். முதல் பாகத்தில் ஹெலியன் என்ற போர்வீரச்சி வண்டியில் வந்து இறங்கும் பலரில் ஒருத்தி. செத்தால் கல்லறையில் ஒரு பெயர். அவளுடைய கதை தனியாக ஒரு குட்டிக் காமிக்ஸாக வெளிவந்ததே தவிர விளையாட்டுக்குள் இல்லை. இரண்டாம் பாகத்தில் வழியோரச் சன்னதிகளில் வண்டியை நிறுத்தி அதை நீங்கள் கேட்டே ஆக வேண்டும். போர்க்களத்தில் பயந்து உறைந்து, தன் இனத்தாரைச் சாகவிட்டு ஓடிவந்தவள் அவள். அதைத் தெரிந்துகொண்ட பிறகு அவளைத் தீப்பந்தம் இல்லாமல் அனுப்பச் சொல்லுங்கள் பார்ப்போம்.

"எல்லாம் சரி மச்சி, அப்ப வேற பேர் வெச்சிருக்கலாமே? '2'ன்னு போட்டு ஏன் விக்கணும்?" என்று நண்பன் கேட்கிறான். எதிர்த்தரப்பின் உருப்படியான வாதம் இது ஒன்றுதான். பெயர் என்பது வாங்குபவனுக்குக் கொடுக்கும் வாக்கு என்கிறான். மென்பொருளில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சின்னத் திருத்தம் என்றால் புள்ளிக்குப் பின்னால் உள்ள எண் மாறும். முன்னால் உள்ள எண் மாறினால் அது எச்சரிக்கை: பழையதை நம்பிக் கட்டியது இதில் ஓடாமல் போகலாம், பார்த்து வாங்கு. அதே கிராமத்தில் புதிய அரக்கர்கள் என்றால் அது 1.1. இரண்டு என்று போட்டதுதான் நேர்மை.

தவிர, மாற்றம்தான் பிரச்சனை என்பதையே நான் நம்பவில்லை. 2013இல் வந்த 'ரிஸ்க் ஆஃப் ரெயின்' பக்கவாட்டில் ஓடும் இரு பரிமாண விளையாட்டு. அதன் இரண்டாம் பாகம் 2019இல் முழு முப்பரிமாணமாக வந்தபோது ரசிகர்கள் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். பொருள்கள் சேரச்சேர பலம் பெருகும் சுகம் அங்கே அப்படியே இருந்தது. இங்கே பறிபோனது உடைமைச் சுகம்: என் பண்ணை, என் ஆட்கள், என் கணக்கு. அது போனதற்கு வருந்தலாம், தப்பில்லை. அதற்குத் 'துரோகம்' என்று பெயர் வைப்பதுதான் சகிக்கவில்லை.

இன்று புனிதமாகிவிட்ட முதல் பாகத்தின் கதையையும் நினைவூட்ட வேண்டும். 2015இல் அது எர்லி ஆக்சஸில் இருந்தபோது, செத்த எதிரிகளின் பிணங்கள் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும் என்ற மாற்றம் வந்தது. மாரடைப்பும் கூடவே வந்தது. உடனே ஒப்பாரி. விளையாட்டைக் கெடுத்துவிட்டார்கள் என்று அப்போதும் இதே பல்லவிதான். கடைசியில் வேண்டாதவர்கள் அணைத்துக்கொள்ள ஸ்டூடியோ சுவிட்ச் வைத்துக் கொடுத்தது. இன்று அந்தப் பிணங்கள் இல்லாத டார்க்கெஸ்ட் டன்ஜனை எந்த ரசிகரும் கற்பனை செய்வதில்லை.

இரண்டாம் பாகத்தில் குறையே இல்லை என்று சொல்லவரவில்லை. எர்லி ஆக்சஸ் காலத்தில் நால்வரும் வீட்டுத் திண்ணைச் சண்டைபோல எதற்கெடுத்தாலும் முறைத்துக்கொண்டார்கள்; "அவளுக்கு ஏன் மருந்து கொடுத்த?" என்ற தோரணையில் உறவு முறிந்தது. பிறகு அதைத் திருத்தி எழுதினார்கள். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் 'நம்பிக்கை' என்ற நாணயத்தைச் சேர்த்து ஒவ்வொன்றாகத் திறக்கும் ஏற்பாடு எனக்கு இன்றும் எரிச்சல்தான். இவையெல்லாம் பேச வேண்டிய விஷயங்கள். "பழையபடி ஏன் இல்லை" என்ற கூச்சலில் இவை காதில் விழவில்லை.

போலந்தின் 11 பிட் ஸ்டூடியோஸுக்கும் இதே கதை. பனியில் ஒரு கொதிகலனைச் சுற்றி வீடுவீடாகக் கட்டும் 'ஃப்ராஸ்ட்பங்க்' 2018இல் வந்தது. 2024இல் வந்த இரண்டாம் பாகத்தில் வீடுகள் போய் வட்டாரங்களும் சட்டமன்றமும் கட்சிகளும் வந்தன; குளிரைவிட மனிதர்களைச் சமாளிப்பது கடினமானது. நெருக்கம் போச்சு என்றார்கள். 2025இல் முதல் பாகத்தையே புதிதாக எடுக்கப்போவதாக ஸ்டூடியோ அறிவித்துவிட்டது. ரெட் ஹூக்கும் அதே ஆண்டுத் தொடக்கத்தில் 'கிங்டம்ஸ்' என்ற நீண்ட ஆட்ட முறையை இலவசமாகச் சேர்த்தது. ஒரே பயணத்தோடு முடியாமல் பல சத்திரங்களைக் காத்து நிர்வகிக்க வேண்டும். நன்றாகத்தான் இருக்கிறது. பழைய ரசிகர்கள் சிலர் அதற்காகத் திரும்பியும் வந்திருக்கிறார்கள்.

ஆனால் ஒரு சின்ன ஸ்டூடியோவுக்கு ஒரு விளையாட்டு என்பது நான்கைந்து வருட உழைப்பு. வாழ்நாளில் எத்தனை செய்துவிட முடியும்? வருடாவருடம் அதையே புதுத் தாளில் சுற்றி விற்கப் பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன. அந்த வேலையை இவர்களிடமும் கேட்பவர்கள், எதற்காக இண்டி விளையாட்டுகளைத் தேடி வந்தார்கள்?

இரண்டு பாகங்களிலும் கதை சொன்ன கரகரத்த குரல் வெய்ன் ஜூன் உடையது. 2025 ஜனவரியில் அவர் இறந்துவிட்டார். மூன்றாவது ஒன்று வந்தால், அது வேறொரு குரலில்தான் தொடங்கியாக வேண்டும்.