கழுகும் கடற்பஞ்சும்: ரெண்டு மருந்துகளின் கதை

1/ பாறுக் கழுகு வானத்துல இருந்தே செத்த மாட்டைக் கண்டுபிடிச்சிடும். கடற்பஞ்சுக்குக் கண்ணே கிடையாது. மூளை, இதயம், நரம்பு எதுவும் கிடையாது. இது ரெண்டையும் ஒப்பிட ஒரு டாக்டருக்கு என்ன வேலைன்னு கேக்கறீங்களா? இருக்கு. சின்ன த்ரெட்தான், படிங்க.

2/ முதல்ல கடற்பஞ்சு. பாறையில ஒட்டிக்கிட்டு, கடல்தண்ணியை வடிகட்டி சாப்பிடற உயிர். எதிரி வந்தா ஓட முடியாது. அதனால பல கடற்பஞ்சுகளுக்கு ரசாயனம்தான் ஆயுதம்.

3/ 1950களின் தொடக்கத்தில் வெர்னர் பெர்க்மன் என்ற வேதியியலாளர் ஒரு கரீபியன் கடற்பஞ்சில் சில விசித்திரமான பொருட்களைக் கண்டறிந்தார். டி.என்.ஏ.வோட கட்டுமானக் கல் மாதிரியே இருக்கும், ஆனா உள்ள இருக்கற சர்க்கரை வேற.

4/ அதை முன்மாதிரியா வச்சு உருவானதுதான் சைட்டரபைன். புற்றுநோய் செல் ஏமாந்துபோய் இதைத் தன் டி.என்.ஏ.ல சேர்த்துக்கும். அதோட நகலெடுக்கறது நின்னுடும். 1969ல் அமெரிக்காவில் அனுமதி கிடைச்சது. தீவிர மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்கு இன்னைக்கும் முக்கிய மருந்து.

5/ இப்ப கழுகு. நாம வலிக்குப் போடற டைக்ளோஃபெனாக் ஊசியை மாட்டுக்கும் போட்டோம். ஊசி போட்ட கொஞ்ச நாள்ல செத்த மாட்டைத் தின்ன கழுகுகளுக்கு சிறுநீரகம் செயலிழந்தது. யூரிக் அமிலம் உள்ளுறுப்புகள் மேல வெள்ளையா படிஞ்சு இறந்தன. இதுதான் காரணம்னு 2004ல் உறுதியாச்சு. அதுக்குள்ள இந்தியாவுல வெண்முதுகுப் பாறுக் கழுகுகள்ல 90 சதவீதத்துக்கு மேல போயிடுச்சு.

6/ "பறவைதானே"ன்னு விட முடியாது. கழுகுக் கூட்டம் ஒரு மாட்டை ஒரு மணி நேரத்துக்குள்ள எலும்பாக்கிடும். அது இல்லாத இடத்துல பிணம் அழுகுது, தெருநாய் பெருகுது. கழுகுகள் குறைஞ்சதால 2000 முதல் 2005 வரை இந்தியாவில் சுமார் 5 லட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்திருக்கலாம்னு 2024ல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு கணக்கிட்டிருக்கு.

7/ என் கருத்து இதுதான். "இந்த உயிரால நமக்கு என்ன பிரயோஜனம்?"ங்கற கேள்வியே தப்பு. பதில் தெரியறதுக்குள்ள அந்த உயிர் காணாம போயிடலாம். கடற்பஞ்சோட மதிப்பு ஆய்வகத்துல தெரிஞ்சது. கழுகோட மதிப்பு, அது போன பிறகுதான் தெரிஞ்சது. இன்னொண்ணு: மருந்துச்சீட்டு எழுதற நாங்க, அந்த மருந்து நோயாளிக்கு அப்புறம் எங்க போகுதுன்னும் யோசிக்கணும்.

8/ கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் தர 2006லயே தடை. மனிதர்களுக்கான பெரிய ஊசிக் குப்பி மாட்டுக்குப் போகுதுன்னு 2015ல் அதையும் 3 மில்லிக்குக் குறைச்சாங்க. சட்டம் மட்டும் போதாது. மாடு வச்சிருக்கறவங்க மெடிக்கல் ஷாப்புல நேரா வலி ஊசி வாங்காதீங்க. கால்நடை மருத்துவரைப் பாருங்க, "மெலாக்சிகாம் போடலாமா?"ன்னு கேளுங்க. அது கழுகுக்குப் பாதுகாப்பானது. மருந்துக் கடைக்காரங்களும் மாட்டுக்குன்னு கேட்டா டைக்ளோஃபெனாக் கொடுக்காதீங்க.

9/ நம்ம மாயாறு பள்ளத்தாக்குல இன்னும் கொஞ்சம் பாறுக் கழுகுகள் இருக்கு. அந்தப் பக்கம் மாடு வளர்க்கற யாராவது தெரிஞ்சா இதை அவங்களுக்கு அனுப்புங்க.