விருந்தினரைச் சாலைக்கு அழைத்துப் போங்கள்

வெளியூரிலிருந்து உறவினர் வந்தால் நம் குடும்பங்கள் போடும் திட்டம் இப்போது ஒன்றுதான். காலையில் பத்மநாப சுவாமி தரிசனம், மாலையில் 2021-இல் ஆக்குளத்தில் திறந்த லுலு மால். அதை நான் குறை சொல்லவில்லை. குளிர்ச்சி உண்டு, வயதானவர்கள் உட்கார இடமும் உண்டு. ஆனால் அங்குள்ள பொருள்கள் சென்னையிலும் பெங்களூரிலும் கிடைக்குமே! கோயிலிலிருந்து நடந்தே போகக்கூடிய சாலைக் கடைத்தெருவை ஏன் மறந்தோம்?

தர்மராஜா காலத்தில் திவான் ராஜா கேசவதாஸ் உண்டாக்கிய சந்தை அது. கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை மளிகை, பாத்திரம், தோவாளைப் பூ என்று நீளும். நான் ரயில்வேக்காரன், ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொல்லத்திலிருந்து 1918-இல் வந்த ரயில் தம்பானூரை எட்டியது 1931-இல். நாகர்கோவிலுக்கோ 1979 வரை ரயிலே கிடையாது. தெற்கத்திச் சரக்கு மாட்டுவண்டியிலும் லாரியிலும்தான் சாலைக்கு வந்தது. சரக்கோடு நம் வியாபாரிகளும் வந்தார்கள்.

சேலை கேட்பவர்களுக்குப் பலராமபுரம் கைத்தறியைக் காட்டுங்கள். பலராமவர்மா மகாராஜா (1798–1810) காலத்தில் வரவழைக்கப்பட்ட தமிழ்ச் சாலியர் குடும்பங்கள் தொடங்கிய நெசவு அது. 'கேரளச் சேலை' என்று ஆசையாக வாங்குவதில் நம்மவர் கைவேலையும் இருக்கிறது.

பாளையத்துக் கன்னிமாரா மார்க்கெட்டையும் காட்டலாம். சென்னைக்காரர்கள் பெயரைக் கேட்டதும் நூலகம் என்பார்கள்! இரண்டும் 1886 முதல் 1890 வரை சென்னை கவர்னராக இருந்த கன்னிமாரா பிரபுவின் பெயரே. கன்னிமாரா என்பது அயர்லாந்தில் கால்வே நகருக்கு மேற்கே உள்ள பகுதி.

என் கவலை வேறு. நம் பேரப்பிள்ளைகள் தமிழ் பேசுவது சங்க ஆண்டுவிழா மேடையில் மட்டும் என்றாகி வருகிறது. சாலையில் "என்ன விலை அண்ணாச்சி?" என்று கேட்டால் பல கடைகளில் தமிழிலேயே பதில் வரும், பேரமும் நடக்கும். நாம் போகாவிட்டால் அண்ணாச்சியின் மகன் அந்தக் கடையைக் கட்டி அழுவானா? ஒரு சனிக்கிழமை சங்கமே குழந்தைகளைக் கூட்டிப்போகட்டும். ஆளுக்கு நூறு ரூபாய் கொடுத்து, தாங்களே தமிழில் விலை கேட்டு வாங்கச் சொல்லலாம்.

நெரிசல் உண்டு, மறுக்கவில்லை. நடப்பவர்களுக்கு இடமும் பெண்களுக்குக் கழிவறை வசதியும் கூடுதலாக வேண்டும் என்று மாநகராட்சிக்குச் சங்கம் மனுக் கொடுக்கலாம். காலையிலேயே, துணிப்பையோடு போவது நல்லது. ஆற்றுக்கால் பொங்காலை நெருங்கும் நாட்களில் மண்பானையும் வெல்லமும் குவிந்து கிடக்கும், பார்க்க அழகுதான். விருந்தினருக்கு முழங்கால் வலி இருந்தால் வேறு நாள் பாருங்கள்.