ஆண்டுக்கு 400 கோடி... பந்தை எறிபவருக்கு இல்லை, அவரை விரட்டுபவருக்கு! மைக்கா பார்சன்ஸ் விவகாரம் என்ன?

அமெரிக்கக் கால்பந்தில் குவாட்டர்பேக்தான் ஹீரோ. பந்தை எறிவது அவர், விளம்பரத்தில் வருவதும் அவர். ஆனால், 2025 ஆகஸ்ட் 28 அன்று என்.எஃப்.எல். ரசிகர்களைத் தூக்கிவாரிப் போட்டது, அந்த குவாட்டர்பேக்கை விரட்டிப் பிடிக்கிற ஒருவரின் இடமாற்றம். டல்லாஸ் கவ்பாய்ஸ் அணி, மைக்கா பார்சன்ஸை கிரீன் பே பேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டது. பதிலுக்கு வாங்கியது கென்னி கிளார்க் என்ற தடுப்பு வீரரையும், இரண்டு முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகளையும்.

பார்சன்ஸுக்குப் புது அணி கொடுத்த ஒப்பந்தம் 4 ஆண்டுகளுக்கு 18.8 கோடி டாலர். நம்ம கணக்கில் ஆண்டுக்கு 400 கோடி ரூபாய்க்கு மேல். குவாட்டர்பேக் அல்லாத யாருக்கும் அதுவரை இவ்வளவு கிடைத்ததில்லை.

விரட்டுறதுக்கு இவ்வளவா?

குவாட்டர்பேக் பந்தை எறிவதற்குள் அவரைச் சாய்த்துவிட்டால் அது ‘சாக்’. முன்னேறிய தூரத்தை எதிரணி இழக்கும். 2021 டிராஃப்ட்டில் 12-வது ஆளாக வந்த பார்சன்ஸ், டல்லாஸில் 4 சீசன்களில் எடுத்தது 52.5 சாக். (அரை எப்படி வந்தது? ரெண்டு பேர் சேர்ந்து சாய்த்தால் ஆளுக்குப் பாதி.) எந்த சீசனிலும் 12-க்குக் குறையவில்லை. அவரைத் தடுக்க எதிரணி இரண்டு பேரை நிறுத்தினால், பக்கத்தில் இருப்பவருக்கு வழி திறக்கும். அது எந்தப் புள்ளிவிவரத்திலும் அவர் பெயரில் ஏறாது.

ஆனால், அந்த 4 ஆண்டுக்கும் சேர்த்து அவருடைய ஒப்பந்தம் சுமார் 1.7 கோடி டாலர்தான். புது வீரரின் சம்பளம் டிராஃப்ட் வரிசையிலேயே கிட்டத்தட்ட முடிவாகிவிடும். பெரிய பேரத்துக்கு இடமில்லை. முதல் சுற்றில் வந்தவரை 5-வது ஆண்டும் பிடித்து வைக்க அணிக்கு உரிமை உண்டு. அது முடிந்தாலும் ‘ஃபிரான்சைஸ் டேக்’ என்ற விதியால் இன்னும் நிறுத்தி வைக்கலாம். அதாவது, உடம்பு உச்சத்தில் இருக்கும் வருஷங்களில் வேறு அணிக்குப் போகிற வாய்ப்பே வீரர் கையில் இல்லை.

டல்லாஸில் சிக்கல் வெடித்தது இங்கேதான். மார்ச்சில் பார்சன்ஸிடம் நேரில் பேசி முடித்துவிட்டதாக அணி உரிமையாளர் ஜெர்ரி ஜோன்ஸ் நினைத்தார். ஏஜென்ட் இல்லாமல் பேசியது ஒப்பந்தமே ஆகாது என்றது வீரர் தரப்பு. ஆகஸ்ட் 1-ல் பார்சன்ஸ் இடமாற்றம் கேட்டார். முகாமுக்கு வந்தார், பயிற்சியில் இறங்கவில்லை. அடம் மாதிரி தெரிந்தாலும் காரணம் இருந்தது. என்.எஃப்.எல். ஒப்பந்தத்தில் அறிவிக்கும் மொத்தத் தொகை முழுக்க உறுதி கிடையாது. ‘கியாரண்டி’ என்று எழுதியது மட்டும்தான் உறுதி. புது ஒப்பந்தம் இல்லாமல் காயம்பட்டிருந்தால் பேரமே முடிந்திருக்கும்.

டிசம்பர் 14-ல் டென்வரில் அதுதான் நடந்தது. இடது முழங்காலில் ஏ.சி.எல். கிழிந்தது. அதற்குள் 12.5 சாக் எடுத்திருந்தார். சீசன் அதோடு முடிந்தது. அவர் இல்லாத பேக்கர்ஸ், பிளே-ஆஃப் முதல் சுற்றிலேயே சிகாகோ பேர்ஸிடம் தோற்று வெளியேறியது. ஆனால், ஆகஸ்டில் கையெழுத்துப் போட்ட நாளிலேயே 12 கோடி டாலர் உறுதியாகியிருந்தது.